எனக்கு மட்டும் தெரியாத எட்டு மாதங்கள்

அப்பாவின் முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு, நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நான் குரோம்பேட்டையில் ஒரு லேபில் டெக்னீஷியன். அப்பாவின் சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்தான் ரத்தம் எடுப்பேன்.
2. ஒருநாள் அப்பா, "இனிமே டாக்டர்கிட்டயே டெஸ்ட் எடுத்துக்கறேம்மா, உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றார். நம்பினேன்.
3. அப்பா மெலிந்தார். "சாதத்தைக் கொறச்சிட்டேன்" என்றார். நான் பாராட்டினேன்.
4. எட்டாவது மாதம் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பழைய ரிப்போர்ட் கேட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்றேன். அம்மா பைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். கல்லீரலில் புற்றுநோய். ரிப்போர்ட் எல்லாம் கீழ்க்கட்டளையில் வேறொரு லேபில் எடுத்தவை.
5. அதிலிருந்து பதினோராம் நாள் அப்பா காலமானார்.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும்.

அப்பா பிறந்தது மேடவாக்கத்தில். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, பழுதான தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, அஸ்தினாபுரத்தில் கடை போட்டார். முதல் கடை மழைவெள்ளத்தில் போனது. மறுபடி போட்டார். எங்கள் இருவரையும் அதில்தான் படிக்க வைத்தார்.

வேலை கொண்டுவருபவர்களிடம் மழுப்ப மாட்டார். "சார், இந்த மோட்டார் போச்சு. காயில் கட்டுனாலும் ஆறு மாசம் தாங்காது" என்று அனுப்பிவிடுவார்.

பக்கத்துக் கடை பாய் சிரிப்பார். "இன்னாண்ணா, வர்ற வேலைய நீயே தொரத்துற?"

"பொய் சொன்னா அவரு வூட்ல தண்ணி வராது பாய்."

முன்பின் தெரியாதவர்களிடம் அப்படி இருந்தவர் என்னிடம் அப்படி இருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டாருடி. வீட்ல ஒருத்தியாவது என்னை நோயாளியா பாக்காம இருக்கட்டும்னாரு."

"நீ ரிப்போர்ட்ட பாத்திருந்தா, உன் மொகத்துலயே அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றார் அண்ணன்.

இருக்கலாம். ஆனால் எனக்கும் அந்த எட்டு மாதங்கள் வேண்டியிருந்தன. லீவு போட்டுக்கொண்டு அவருடன் இருந்திருப்பேன். எடை குறைந்ததற்காக அவரைப் பாராட்டியிருக்க மாட்டேன்.

தாம்பரத்தில் ஒரு ஹாஸ்டலில் இடம் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டினேன். அம்மா வாசலில் வந்து நின்றார்.

"போறதுன்னா போ. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மறுபடி அதே நெலம வந்தாலும் உன்கிட்ட சொல்ல மாட்டேன். அவர் கேட்டுக்கிட்டாரு, அவ்ளோதான்."

கோபம் வந்தது. ஆனால் பல மாதங்களில் அந்த வீட்டில் ஒருவர் என்னிடம் மழுப்பாமல் பேசியது அதுதான் முதல்முறை. பெட்டியைப் பிரித்தேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடம் காட்டினேன். "எல்லாரும் படிப்பாங்களேடி" என்றார். பிறகு எந்த வரியையும் அடிக்கச் சொல்லவில்லை.

கடைசி நாட்களில் ரத்தம் கொடுத்த அண்ணனின் நண்பர்களுக்கும், பதினோரு நாளும் காலையில் இட்லி கொண்டுவந்த பாய் குடும்பத்தாருக்கும் நன்றி. நோய் தெரிந்தும் என்னிடம் சொல்லாத உறவினர்கள் சிலர் உங்களில் இருப்பீர்கள். அப்பாவுக்குச் செய்த உதவிக்காக உங்களுக்கும் நன்றி.

இன்றைய நிலை இது. நான் இதே வீட்டில்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு நான் ரத்தம் எடுக்கிறேன்; ரிப்போர்ட்டை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். அண்ணனிடம் பேசுகிறேன், குறைவாக. அப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை.