மஞ்சள் குளித்த சேவல் இறகுகள்

1. பின்வளவில் கண்ட காட்சி

காலையில் வேலைக்குப் போனதும் பின்கதவைத் திறந்து காற்றை உள்ளே விடுவதுதான் என் முதல் வேலை. இறகு, மயிர், வார்னிஷ் எல்லாம் சேர்ந்த மணம் இரவு முழுக்கப் பூட்டிய அறைக்குள் நின்று தலையிடியைத் தரும். அன்றும் கதவைத் திறந்தேன். துணி காயப்போடும் கம்பியில் சேவல் கழுத்துத் தோல்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் நல்ல பசுமஞ்சள் நிறம்.

முதல் நாள் பின்னேரம் அவை வந்த பெட்டியைத் திறந்து பார்த்து, மூடிப் பின் விறாந்தையில் வைத்தவள் நான். அப்போது அவை வெள்ளை.

கம்பிக்குப் பக்கத்தில் வாளியும் கையுமாக மங்கை நின்றாள். எங்கள் பட்டறையில் மிக நேர்த்தியாகக் கட்டுகிறவள் அவள்தான். தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வந்திட்டீங்களோ செல்வி அக்கா? விடியவே வந்து எல்லாத்தையும் கழுவிப் போட்டன்."

"என்னத்தாலை கழுவினனீ?"

"மஞ்சள் தண்ணியாலைதான். நேற்று நல்லூர்க் கோவிலிலை கொடியேறியிட்டுதெல்லே? செத்த சேவலின்ரை தோலைத் தொட்டுப்போட்டுப் பின்னேரம் எப்பிடிச் சுவாமி பாக்கப் போறது? ஒருக்கா முக்கி எடுத்தா ஒரு துடக்கும் தீட்டும் இல்லை."

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்; அடியில் இன்னும் மஞ்சள் படிந்து கிடந்தது.

2. இது என்ன தொழில் என்றால்

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குளிர் நாட்டு ஆறுகளில் சிலர் புழு, இறால் எதுவும் இல்லாமல் மீன் பிடிப்பார்கள். தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் மினுக்க நூலும் சுற்றிப் பூச்சி போல ஒன்றைக் கட்டி எறிவார்கள். அதற்குப் பிளை என்று பெயர். அதைக் கட்டுவதுதான் எங்கள் வேலை. என் தங்கையின் புருஷன் கொழும்புத்துறையில் கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் ஒரு பிளையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இறகைக் கடிக்கிற விசர் மீன் எங்கடை கடலிலை இல்லை மச்சாள்" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

பட்டறை கொக்குவிலில் ஒரு பழைய வீடு. சுற்றிவர மதில், பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது எல்லாரும் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்போம். மேசை ஆடினால் சுற்று பிசகும். முதலாளி ரவி அண்ணை நோர்வேயில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் அவசரம்.

சாமான்கள் கொஞ்சம்தான். முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். நூலை இறுக்கமாக விட ஒரு பொபின். கடைசி முடிச்சைப் போட விப் ஃபினிஷர் என்று ஒரு வளைந்த கம்பி. இறகு வருவது கேப் என்கிற கழுத்துத் தோலோடு. அதன் ஒடுங்கிய பக்கத்தில் சின்ன இறகு, அகன்ற பக்கத்தில் பெரிய இறகு. சின்ன முள்ளுக்குச் சின்னது, பெரிய முள்ளுக்குப் பெரியது. இவை தவிர மான் மயிர், மயிலிறகு, பன்றி மயிர். நான் முன்பு சட்டை தைத்தவள். அதனால் நூலின் இழுவை எனக்குக் கையோடு வந்தது. அறுவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். இந்தத் தொழிலில் பாதி அதுதான்.

வண்ணம் போடுவதும் தரம் பிரிப்பதும் நஸீமாவின் வேலை. யாழ்ப்பாண டவுண் பிள்ளை. அவள் பிறக்கும் முன்பே தொண்ணூறில் முஸ்லிம் என்பதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பம். பிறகு திரும்பி வந்தது. பன்றி மயிரை அவள் கையால் தொடமாட்டாள். நீள இடுக்கியால்தான் எடுப்பாள். "பாருங்கோ, என்ன நேர்த்தி!" என்று மற்றவர்களுக்கு நானே காட்டியிருக்கிறேன். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

3. ரவி அண்ணையின் தீர்ப்பு

அதுவரை நாங்கள் கட்டியதெல்லாம் இடையில் ஒருவர் வாங்கி விற்பார். இந்த முறைதான் நோர்வேயில் ஆற்றோரம் கடை வைத்திருக்கும் இங்கர் என்ற அம்மா நேரடியாக ஓடர் தந்திருந்தார். வெள்ளை இறகுப் பிளை, சின்னதும் பெரியதும். வெள்ளிக்கிழமை பார்சல் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பெட்டியைத் தவிர வேறு வெள்ளை கேப் எங்களிடம் இல்லை.

ரவி அண்ணை வந்தார், கம்பியைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டார்.

"ஆர் செய்தது?"

"நான்தான் அண்ணை" என்றாள் மங்கை. சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"வெள்ளிக்கு முன்னம் உது வெள்ளையா வரவேணும். வரேல்லையெண்டா நீர் இனி இஞ்சை வரத்தேவையில்லை."

மங்கையின் புருஷன் கூரை வேலையில் விழுந்து நாரி எலும்பு முறிந்து வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டு அடுப்பு அவள் விரலால்தான் எரிந்தது. இது ரவி அண்ணைக்கும் தெரியும். எனக்கு மங்கையில் கோபம், ரவி அண்ணையில் அதைவிடக் கோபம். கொடியேறின அன்றைக்கே, விரதம் பிடிக்கிறவளிடம் தோல் பெட்டியைக் கொடுத்தது யார்? ஆனால் வாயைத் திறக்க அது நேரமில்லை.

4. சவர்க்காரம்

புதிதாக வரும் கேப்பைச் சவர்க்காரத் தூளில் அலசுவது எங்கள் வழக்கம். பழக்க தோஷத்தில் நஸீமா ஒரு பேசினில் தூளைக் கரைத்து முதல் தோலைப் போட்டாள். அடுத்த நிமிடம் தண்ணீர் சிவந்தது. தோலும் சிவந்தது.

"அல்லாஹ்! அக்கா, ஓடி வாங்கோ!"

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆராத்தித் தண்ணீர் சிவப்பாகும் என்பது அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். சவர்க்காரமும் அதே வேலையைத்தான் பார்க்கும். பதற்றத்தில் ஒருத்திக்கும் அது ஓடவில்லை. ரவி அண்ணை எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன, ஆராத்தி எடுக்கப் போறியளோ?"

யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. நான் மட்டும் குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு, தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்தேன். தேசிக்காய்ப் புளித் தண்ணீரில் அலசியதும் சிவப்புப் போய்ப் பழைய மஞ்சள் வந்தது. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

"சட்டையிலை கறி பட்டா உம்மா வெயிலிலைதான் போடுவா" என்றாள் நஸீமா. "மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. நாங்களும் போடுவம்."

5. வெயிலும் காகமும் பக்கத்து வீடும்

முற்றத்தில் பாய் விரித்து, தோல்களை இறகு மேலே தெரியப் பரப்பி, மேலே நுளம்பு வலை போட்டு, சுற்றிக் கல் வைத்தோம். காகங்கள் மதிலில் வந்து இருந்தன. ஒரு பூனை நாள் முழுக்க எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவனிக்காத மாதிரிக் கவனித்தது. இறகைப் பிடுங்கித் தனித்தனியாகக் காயவைத்தால் கெதியாக வெளுக்கும். ஆனால் சோளகக் காற்று அடிக்கிற காலம், மருதனார்மடம் வரை போய்த்தான் பொறுக்க வேண்டும்.

தோலையே காற்று விடவில்லை. மத்தியானம் வலை ஒரு பக்கம் கிளம்ப, ஒரு தோல் எழும்பி மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் விழுந்தது. அந்த வீட்டு ஐயா திருவிழா முடியும் வரை முட்டை வாசமே படாதவர்.

"கொடியேறின காலத்திலை என்ரை கிணத்தடியிலை கோழித் தோலை எறியிறியளோ?"

நானும் மங்கையும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுத் தோலை எடுத்தோம். அவர் ஆறவில்லை.

"எடுத்தாப் போதுமோ? மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுப் போங்கோ!"

மங்கை என்னைப் பார்த்தாள். நான் மங்கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அந்தக் கிணற்றடியிலேயே விழுந்து சிரித்திருப்போம். ஐயாவின் மனைவி மஞ்சள் தர, மங்கை பக்தியோடு கரைத்துத் தெளித்தாள். இந்தச் சம்பவம் தொடங்கியதற்குப் பிறகு மஞ்சள் தண்ணீர் சரியான இடத்தில் விழுந்தது அப்போதுதான்.

வியாழன் பின்னேரம் பார்த்தால் ஒடுங்கிய பக்கத்துச் சின்ன இறகுகள் பால் மாதிரி வெளுத்திருந்தன. அகன்ற பக்கத்தில் இறகு அடர்த்தி; வெயில் உள்ளே போகவில்லை. பெரிய இறகெல்லாம் இளமஞ்சளாகவே நின்றது.

அன்றிரவும் மறுநாள் காலையும் மங்கை கட்டிய கட்டு இருக்கிறதே, அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அவை மஞ்சளில் குளித்துச் சுத்தமான இறகுகள். தொட ஒரு தயக்கமும் இல்லை. எங்களுக்கு நட்டம், அவளுக்குப் புண்ணியம்.

6. இங்கர் அம்மா

இளமஞ்சளாகவே நின்ற பெரிய பிளைகளைப் பார்த்துவிட்டு ரவி அண்ணை மெல்ல என்னிடம் வந்தார்.

"கிறீம் கலர் எண்டு சொல்லி அனுப்புவமோ?"

"அண்ணை, அவ கண் தெரியாத ஆளோ? நடந்ததைச் சொல்லுங்கோ. பொய் சொல்லிப் பிடிபட்டா மங்கை மட்டுமில்லை, நாங்களெல்லாரும் வீட்டைதான்."

ஃபோனில் வீடியோ அழைப்பு எடுத்து இங்கர் அம்மாவுடன் கதைத்தார். திரையில் நரைத்த குட்டைத் தலைமயிர், மூக்கு நுனியில் கண்ணாடி. கோவில், விரதம், மஞ்சள், சிவப்பு, தேசிக்காய் எல்லாவற்றையும் ரவி அண்ணை அவர்களுடைய பாஷையில் சொன்னார். சிரிக்காமல் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னதை எங்களுக்குத் திருப்பினார்: "சின்னது சரியாம். பெரிசையும் அனுப்பச் சொல்லுறா, நேரிலை பாத்துத்தான் முடிவு சொல்லுவாவாம். வெள்ளைதானே கேட்டவ."

பார்சல் போனது. அது போன கையோடு ரவி அண்ணை மங்கையைக் கூப்பிட்டார். "அவவின்ரை பதில் வரட்டும். அதுவரைக்கும் நீர் வீட்டிலை நில்லும்." மங்கை தன் கத்தரிக்கோலைத் துடைத்து, வைஸுக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

7. வெறும் கதிரை

அவளுடைய கதிரையில் யாரையும் இருக்க நான் விடவில்லை. ரவி அண்ணை இரண்டு முறை கேட்டார். கால் ஆடுகிறது, திருத்த வேண்டும் என்றேன். கதிரைக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கர் அம்மாவிடமிருந்து ஒரு நாள் ஃபோன் வந்தது. ரவி அண்ணை கேட்கக் கேட்க வாய் பிளந்து நின்றார். பிறகு ஃபோனை எங்கள் பக்கம் திருப்பினார். கடை ஜன்னலோரம் ஒரு தட்டு. அதில் எங்கள் பெரிய பிளைகள். எல்லாம் வெள்ளை.

முடிவெடுக்கும் வரை இருக்கட்டும் என்று அந்தத் தட்டை ஜன்னலில் வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெளிச்சம் நிற்குமாம். இங்கே தோலோடு ஒட்டிக்கிடந்த இறகு, அங்கே முள்ளில் விரிந்து நின்று வெயிலை நன்றாகக் குடித்திருக்கிறது. நாங்கள் பாதியில் விட்ட வேலையை நோர்வே வெயில் முடித்துக் கொடுத்துவிட்டது. இன்னும் இருக்கிறதா என்று கேட்டார் இங்கர் அம்மா. அப்போதுதான் சிரிக்கவும் சிரித்தார்.

"ஓட்டோவைக் கூப்பிடும், செல்வி" என்றார் ரவி அண்ணை.

மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் மங்கையின் வீடு. அவள் கோவிலுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். ரவி அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "பிள்ளை, உம்மடை கதிரை சும்மா கிடக்கு" என்றார்.

மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் குரல் தளரவில்லை.

"வாறன் அண்ணை. ஆனா தீர்த்தத் திருவிழா முடியும் வரைக்கும் தோல் தொடமாட்டன். மினுக்க நூலிலை மட்டும் கட்டுற பிளை இருக்குத்தானே, அதைத் தாங்கோ. நாளைக்கே வாறன். இதை முதலே சொல்லியிருப்பன். கேட்டா வேலை போயிடுமெண்டு பயந்துதான் மஞ்சளைக் கரைச்சனான்."

ரவி அண்ணை சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

அடுத்த நாள் அவள் தன் கதிரையில் வந்து இருந்ததும், நஸீமா என் மேசைக்கு வந்தாள்.

"செல்வி அக்கா, அப்பிடியெண்டா நானும் ஒண்டு கேக்கட்டோ? உந்தப் பண்டி மயிர்ப் பெட்டி... அதை வேறை ஆரிட்டையும் குடுக்கேலுமோ?"

எனக்கு இடுக்கி ஞாபகம் வந்தது. எத்தனை பேருக்கு நேர்த்தி என்று காட்டியிருப்பேன்! அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் எப்படித் தலை குனிந்து நின்றிருப்பாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியை எடுத்து என் மேசைக்குக் கீழே வைத்தேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் பட்டறையில் புதிதாக வருகிறவளுக்கு நூலின் இழுவையை முதலில் காட்டுவதில்லை. இறகு, தோல், மயிர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டி, "இதிலை எதைத் தொடமாட்டாய்? எப்ப தொடமாட்டாய்?" என்று கேட்பேன். வேலை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கலாம். இதைக் கேட்காவிட்டால் ஒருத்தியும் தானாகச் சொல்லமாட்டாள். போன கிழமை சேர்ந்த பிள்ளை தட்டையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் தொடுவன் அக்கா. மயிலிறகு நிலத்திலை விழுந்தா மட்டும், தொட்டுக் கும்பிட்டிட்டுத்தான் எடுப்பன்" என்றாள்.

"வடிவாக் கும்பிடு பிள்ளை" என்றேன். "மற்றக் கையிலை நூலை மட்டும் விட்டிடாதை."