லவ் பேர்ட்ஸுக்கு ஒரு பானை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பார்க்காத வேலை குறைவு. அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன். நடுவில் எட்டு மாதம் திருச்சியில் ஒரு பறவைக் கடையில் இருந்தேன். கூண்டுகளுக்கு அடியிலேயே படுக்கை, காலையில் எழுந்தால் தலையெல்லாம் தினை உமி. மற்றபடி நல்ல வேலைதான்.

முதல்முதலாக வளர்க்க எது நல்லது என்று கேட்டு வருவார்கள். காக்டெய்ல் கிளி வேண்டாம், அதற்கு எந்நேரமும் ஆள் துணை வேண்டும், தனியாக விட்டால் கத்தியே வீட்டை இரண்டாக்கிவிடும் என்பேன். பிஞ்சஸ் குருவி வேண்டாம், மிக்ஸி சத்தத்துக்கே மிரண்டு கூண்டில் முட்டிக்கொள்ளும் என்பேன். லவ் பேர்ட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், சின்னக் கிளி மாதிரி இருக்கும், தொல்லை கிடையாது. தினை, தினமும் மாற்றிய தண்ணீர், கொத்துவதற்கு ஒரு கணவாய் ஓடு, வாரம் இரண்டு நாள் கொத்தமல்லித் தழை. மேலே விசிறிக் காற்று நேராகப் படக்கூடாது. முட்டை வைக்க ஒரு பானை. இதைச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்ட அந்தச் சின்ன மண்பானையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது மட்டும் எனக்கு எரிச்சலாக வரும். வாங்குகிறவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் பானைக்காக நான் பட்ட பாடு அப்படி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருவையாற்றுக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அந்தக் கார்த்திகையில் தாத்தா இறந்துபோனதால் எங்களுக்கு அந்த வருடம் பொங்கல் கிடையாது. ஊரெல்லாம் கரும்பு தின்னும்போது நான் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தேன் என்று மாமாவுக்கு மனது கேட்கவில்லையாம். பொங்கல் முடிந்த நாலாம் நாள் ஒரு கூண்டோடு வந்து இறங்கினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் எந்தத் தொழிலையும் எங்கள் வீட்டில்தான் தொடங்குவார். அது முடிவதும் எங்கள் வீட்டில்தான். காளான் எங்கள் மாட்டுக் கொட்டகையில் அழுகி முடிந்தது. முயல் எங்கள் நாயிடம் முடிந்தது. இந்த முறை லவ் பேர்ட்ஸ். நீல நிறத்தில் ஓர் ஆண், மஞ்சளில் ஒரு பெட்டை. மூக்குக்கு மேல் ஆணுக்கு நீலமாகவும் பெட்டைக்குப் பழுப்பாகவும் இருக்கும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். ஒரு ஜோடி ஆறு மாதத்தில் இருபது ஆகும் என்றார். அவர் சொல்லும்போது எல்லாமே ஆகிவிடும்.

கூண்டோடு ஒரு பானையும் வந்தது. வயிற்றில் வட்டமாக ஓட்டை போட்ட பானை. வயலிலிருந்து வந்த அப்பா கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பானையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இத யாரு வீட்டுக்குள்ள கொண்டாந்தது?"

"மச்சான், அது குருவிக்கு வீடு."

"குருவிக்கு வீடா இருக்கட்டும். நமக்கு அது என்னன்னு ஒனக்குத் தெரியாதா, மாப்ள?"

சொல்லிவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக்கு அந்தப்பக்கம் உடைத்துவிட்டு வந்து கால் கழுவினார். மாமா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

நான் அம்மாவைக் குடைந்தேன். அம்மா ரொம்ப நேரம் "வேணாம்னா வேணாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், "சாவுக்குத்தான்டா பானையில ஓட்ட போடுவாங்க. வீட்டுல மாட்டுவாங்களா?" என்றது. சுடுகாட்டில் கொள்ளி வைக்கிற மகன் தண்ணீர் நிறைந்த பானையைத் தோளில் வைத்துக்கொண்டு பிணத்தை மூன்று முறை சுற்றுவான். ஒவ்வொரு சுற்றுக்கும் அரிவாள் மூக்கால் பானையில் ஓர் ஓட்டை போடுவார்கள். தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். கடைசியில் பானையைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தாத்தாவுக்கு அப்பாதான் மூத்த மகன், அவர்தான் சுமந்தார். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளான எங்களைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்து வர்க்கி கொடுத்தார்கள். எனக்கு வர்க்கிதான் ஞாபகம்.

விஷயம் தெரிந்த பிறகும் எனக்கு ஆத்திரம் குறையவில்லை. செத்தவருக்குப் போடுகிற ஓட்டை வேறு, குருவிக்குப் போடுகிற ஓட்டை வேறு. இது ஒன்பது வயதில் எனக்குப் புரிந்தது, நாற்பது வயது மனிதருக்குப் புரியவில்லை.

எனக்கு அவசரம் இருந்தது. என் வகுப்பில் ஒரு பையன், இரண்டு முறை பெயிலாகி எங்களோடு உட்கார்ந்திருந்தவன், ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம். முதல் குஞ்சு அவனுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குப் பதிலாக அவனுடைய சத்துணவு முட்டையை நான் தின்றுகொண்டிருந்தேன். வீட்டில் முட்டை என்பது யாராவது காய்ச்சலில் படுத்தால்தான். அதனால் மதியம் இரண்டு முட்டை என்பது எனக்குப் பெரிய வாழ்க்கை. ஒரு மாதம் போனதும் அவன், "குஞ்சு எங்கடா? இல்ல நீயே அடகாக்குறியா?" என்று கேட்க ஆரம்பித்தான். முழுப் பரீட்சை லீவுக்குள் குஞ்சு வரவில்லையென்றால் என்னை வாய்க்காலில் முக்கி எடுப்பதாகவும் சொன்னான். சொன்னால் செய்கிறவன்.

பானை இல்லாமல் ஒப்பேற்றப் பார்த்தோம். தேங்காய்க் கொட்டாங்குச்சி வைத்தோம், பெட்டையின் வால்கூட அதில் அடங்கவில்லை. எண்ணெய் கேனை வெட்டி வைத்தோம், உள்ளே கால் வழுக்கியது. அடுத்த முறை வந்த மாமா ஓட்டை போடாத பானை ஒன்றைக் கொண்டுவந்தார். முழுப் பானை என்பதால் அப்பா அதைத் தடுக்கவில்லை. அதைப் படுக்கவைத்துக் கட்டினோம். வாய் அகலம், உள்ளே பகல் மாதிரி வெளிச்சம். உள்ளே இருட்டாக இருந்தால்தான் பெட்டைக்கு நம்பிக்கை. எட்டிப் பார்த்துவிட்டு, வாடகை எவ்வளவு என்று கேட்டவள் மாதிரி திரும்பி வந்துவிட்டது.

தீனியிலும் தகராறு. சுற்றி எங்கு பார்த்தாலும் நெல். தினை வேண்டுமென்றால் தஞ்சாவூருக்கு ஆள் போக வேண்டும். "ஊருக்கே சோறு போடுற எடத்துல இதுக்கு நெல்லு ஆவாதாமா?" என்று அப்பா ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்த்தார். இரண்டும் நெல்லை உரித்துப் பாதியைத் தின்று பாதியைக் கீழே இறைத்தன. அதைப் பொறுக்க எலி வந்தது. எலியைப் பிடிக்கப் பூனை வந்தது. பூனையை விரட்ட நான் பள்ளிக்கூடம் போகாமல் இரண்டு நாள் காவல் இருந்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒருநாள் காலையில் கூண்டின் கம்பித் தரையில் ஒரு முட்டை கிடந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை. அடுத்தடுத்து மொத்தம் நான்கு வைத்தது. நான்கும் உருண்டு கம்பியில் தட்டி உடைந்தன. பெட்டை உடைந்த ஓடுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. "பாவம்" என்று அம்மா சொன்னது. அப்பா பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மாமாவுக்குப் போன் போட்டேன்.

"நான் என்னடா செய்ய? அந்த முழுப் பானைய தண்ணில நல்லா ஊற வச்சு, ஆணியால மெதுவா குத்து. காய விட்டுடாத, விரிசல் விட்டுடும். அப்பறம் அரத்தால ராவு. ஒங்கப்பனுக்குத் தெரியாம பாத்துக்க."

மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து நின்றது. ஒரு சனிக்கிழமை அப்பா சொசைட்டிக்கு உரம் வாங்கப் போனார். நான் பானையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். தொட்டியில் மதியம் வரை ஊறப்போட்டு, ஆணியாலும் அரிவாள் மூக்காலும் குத்தினேன். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதைப் பெரிதாக்க அரம் வேண்டும், அரம் வீட்டில் இருந்தது. காயக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார் அல்லவா? பானை நிறையத் தண்ணீர் மொண்டு, ஓட்டை மேல்பக்கம் வரும்படி இடது தோளில் வைத்துக்கொண்டேன். வலது கையில் அரிவாள். வரப்பு மேல் நடந்தேன். எப்படி வைத்தாலும் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எரிச்சலாக இருந்தாலும் வேலை முக்கால்வாசி முடிந்த சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

எதிர் வரப்பில் அப்பா. தலையில் உர மூட்டை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மூட்டை நழுவி விழுந்தது. பிறகு உளுந்துக்குள் இறங்கி நேராக என்னை நோக்கி ஓடிவந்தார். வரப்பை விட்டு ஓர் அடி உள்ளே வைத்தால் என் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்கிற மனிதர், பூவெடுத்த செடிகளை மிதித்துக்கொண்டு வந்தார்.

வந்ததும் பானையைப் பிடுங்கினார். அரிவாளைத் தூரத்தில் எறிந்தார். கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதுவரை என்னை அவர் அடித்ததில்லை. அடித்த கையோடு என்னைத் திருப்பி நிறுத்தி, துண்டை எடுத்து என் முதுகை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார். அறையைவிட அந்தத் துடைப்புதான் வலித்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"மாமா."

போய் விழுந்த உர மூட்டையைத் தூக்கி வரப்பில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார். பிறகு, "ஓட்டைதான வேணும்?" என்றார்.

"ஆமா."

"நீ தொடக்கூடாது. நான் போட்டுத் தர்றேன். போயி கூண்ட எடுத்தா."

ஓடிப்போய் அரத்தையும் கூண்டையும் கொண்டுவந்தேன். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து அவரே ராவினார். அரை மணி நேரத்தில், கடையில் விற்பதைவிட உருண்டையாக, மூன்று விரல் அகலத்துக்கு ஓட்டை வந்தது. பானை வாயை ஓட்டுச்சில்லால் மூடி, களிமண் பூசி, கூண்டுக்குள் கட்டிக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டார். வீட்டுக்குள் வராது, இங்கேதான் இருக்கும் என்றார். சரி என்றேன். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு இத்தனை நாள் இழுத்தடித்து, நான்கு முட்டையை உடைத்து, என்னையும் அடித்து, கடைசியில் அவரே செய்து கொடுத்தார். பெரியவர்கள் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

அந்தப் பானையில் ஐந்து முட்டை விழுந்து மூன்று பொரித்தது. இறகு முளைத்ததும் ஒன்றை அந்தப் பையனுக்குக் கொடுத்தேன். என்னை வாய்க்காலில் முக்கவில்லை. மாமா அதற்குள் மீன் வளர்ப்புக்கு மாறியிருந்தார். பறவைகள் இரண்டு வருடம் கொட்டகையில் இருந்தன. மோட்டார் போடப் போகிறவர் அப்பாதான் என்பதால் தினையும் தண்ணீரும் வைத்தவரும் அவர்தான்.

அப்பா போனபோது நான் பாலக்காட்டுப் பக்கம் மெஷினோடு இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் தயாராக இருந்தது. நான் ஒரே மகன். தோளில் பானையை வைத்தார்கள். முதல் சுற்றில் அரிவாள் மூக்குப் பட்டதும் முதுகில் தண்ணீர் இறங்கியது. அழவேண்டிய நேரத்தில் எனக்கு உளுந்து வயல்தான் கண்ணில் நின்றது. தன் மகன் தோளில் ஒழுகும் பானையோடு எதிரே வருவதை, உயிரோடு நின்று பார்த்தவர் அவர்.

வயலில் அடி வாங்கிய அன்றைக்கு எனக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை. கூண்டை மாட்டி முடித்ததும் அப்பா வேட்டி சட்டையோடு தொட்டியில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். என்னையும் இழுத்து முக்கினார். ஏற்கெனவே நனைந்திருக்கிறேன், பசிக்கிறது என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. ஈரம் சொட்ட வீட்டுக்குக் கிளம்பினோம். பின்னால் கொட்டகையில் சடசடவென்று சிறகுச் சத்தம் கேட்டது. பெட்டை பானைக்குள் போகிறது. அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு?

"திரும்பிப் பாக்காம நட" என்றார் அப்பா.

நான் திரும்பினேன். என் தலையைப் பிடித்து முன்னால் திருப்பி, வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. இப்படி ஒரு மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.