டீசல் காருக்கு வைத்த தேசிக்காய்

எங்கள் டீசல் காரைப் பற்றி, நாங்கள் குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. அது உலகத்திலேயே சிறந்த வாகனம் என்பது ஒன்று. அது என்னுடைய கருத்து. மற்றது, மற்ற எல்லோருடையதும்.

"அத்தான், உது காரே, உழவு மெசினே?" என்பான் என் மனைவியின் தம்பி. அவன் பெற்றோல் கார் வைத்திருக்கிறான். குளிர்காலத்தில் வீட்டுக்குள் நின்றபடி றிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்குவான். வெளியே கார் தானாக ஸ்டார்ட் ஆகும். அதில் ஒரு கலை இல்லை, ஒரு பக்தி இல்லை.

டீசலை எழுப்ப முதல்நாள் மாலையே ஆயத்தம் செய்ய வேண்டும். எஞ்சினோடு ஒரு சின்ன ஹீற்றர் இருக்கிறது. அதன் பிளக் காரின் முன்பக்கத்தால், சளி பிடித்த மூக்கு மாதிரி, வெளியே தொங்கும். அதை ஒரு நீண்ட செம்மஞ்சள் வயரில் கொழுவி, மறுமுனையைக் கராஜ் சுவரில் குத்திவிட்டால், இரவு முழுக்க எஞ்சின் போர்வைக்குள் கிடப்பதுபோலக் கிடக்கும். காலையில் சாவியை அரைவாசி திருப்பிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் ஒரு மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இருமும், துப்பும், பிறகு பேசாது. இவ்வளவு பணிவிடை செய்தால் என் சொல்லைக் கேட்கும். வீட்டில் வேறு யாருக்கு எவ்வளவு பணிவிடை செய்தாலும் என் சொல்லைக் கேட்பதில்லை.

அந்த ஜனவரியில் என் மனைவிக்கு றோட் ரெஸ்ற் வந்தது. றிச்மண்ட் ஹில்லில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு விடிகாலை வேலை கிடைத்திருந்தது. அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர பஸ் இல்லை. நான் கொண்டுபோய் விடலாம் என்றால், அதே நேரத்தில் பக்கத்துத் தெருப் பேக்கரியைத் திறக்கிறவன் நான்தான். மாத முடிவுக்குள் லைசென்ஸோடு வந்தால் வேலை அவளுக்கு, வராவிட்டால் வேறு ஆளுக்கு. அதற்குள் கிடைத்தது இந்த ஒரு நாள்தான்.

"அக்கா, என்ர காரில போ," என்றான் மச்சான். "அத்தான்ர கார் அங்க போய் ஸ்டார்ட் எடுக்காட்டி உன்ர வேலையும் போச்சு."

"என்ர கார் வடதுருவத்திலயும் ஸ்டார்ட் எடுக்கும்," என்றேன்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் பழகினது உதிலதானே. உதிலயே போறன். ஆனா என்ர ரெஸ்ற் உதால நிண்டுதோ, பிறகு உது எங்கட வாசலில நிக்காது. சொல்லிப்போட்டன்."

முதல்நாள் மாலை என் முழுத் திறமையையும் காட்டினேன். அவள் நேரே முன்னால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று காரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து கராஜ் வாசலில் நிறுத்தினேன். வயரைக் கொழுவினேன். கடைசியாக, நல்ல காரியம் அல்லவா, முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னால் ஆளுக்கொரு தேசிக்காய் வைத்தேன். வழக்கமாக அந்த எலுமிச்சையைப் புறப்படும் நேரத்தில்தான் வைத்து, தடை விலகட்டும் என்று சில்லால் நசித்துக்கொண்டு போவார்கள். காலைக் குளிரில் யார் குனிவது? முதல்நாளே வைத்துவிடுவது மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அன்றைக்குப் பேக்கரிக்கு லீவு சொல்லியிருந்தேன். விடிந்தபோது மூக்கு மயிர் விறைக்கிற குளிர். கார் என் மானத்தைக் காப்பாற்றியது. மஞ்சள் விளக்கு அணைந்தது, சாவியைத் திருப்பினேன், ஒரு தரம் செருமிவிட்டு எஞ்சின் கடகடவென்று பாடத் தொடங்கியது. மச்சான் பக்கத்தில் இல்லையே என்பது மட்டும்தான் குறை.

"கொஞ்ச நேரம் நிண்டு சூடாகட்டும்," என்றேன்.

"டீசல் நிண்டு சூடாகாது, ஓடினாத்தான் சூடாகும் எண்டு எனக்குச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

"அப்ப ஏறுங்கோ."

அவள் சாரதி இருக்கையில் அமர்ந்து கியரைப் போட்டு மெல்ல அழுத்தினாள். சில்லு சுழன்றது, கார் நகரவில்லை. "பிறேக்கை விட்டனீரோ?" என்று கேட்டுப் பார்வையால் பதில் வாங்கிக்கொண்டு இறங்கினேன். தேசிக்காய் இரண்டும் இரவோடிரவாகக் கருங்கல் ஆகி, நிலத்துப் பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டு, சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. காலால் உதைத்தேன். தேசிக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கராஜுக்குள் போய்ச் சுத்தியல் எடுத்துவந்து, பனியில் குப்புறப் படுத்து அடித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பனி வழித்துக்கொண்டிருந்தவர், எல்லாம் சரிதானா என்று கேட்டார். விடிகாலையில் ஒரு பழத்தைச் சுத்தியலால் அடிப்பதை எந்த மொழியில் விளக்குவது? ஓகே என்றேன்.

ஒன்று பெயர்ந்து வந்தது. மற்றதைக் கார் பார்த்துக்கொள்ளட்டும் என்று பாய்ந்து ஏறினேன். "எடும்!"

கார் ஒரு குதி குதித்து வீதிக்கு இறங்கியது. பின்னால் 'பட்' என்று ஒரு சத்தம்.

"கேட்டனீரோ? ரெண்டாவது தேசிக்காய் நசுங்கிற சத்தம். இனி எந்தத் தடையும் இல்லை."

அவள் கண்ணாடிகளைப் பார்த்துப் பார்த்துக் காரை ஓட்டினாள். நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, தோளுக்கு மேலால் ஒரு பார்வை, திரும்பவும் நடுக்கண்ணாடி. எனக்குத் தலை சுற்றியது.

"கண்ணாடியை விட்டிட்டு றோட்டைப் பாருமப்பா."

"ரெஸ்ற்றில உதைத்தான் பாக்கிறவை." இரண்டு சிக்னல் தாண்டியிருப்போம். "இஞ்சருங்கோ, எங்களுக்குப் பின்னால ஏதோ வருது."

"பஸ்ஸோ?"

"இல்லை. செம்மஞ்சளா, நீட்டா, வால் மாதிரி."

சிக்னல் போட்டு, தோளுக்கு மேலால் பார்த்து, புத்தகத்தில் உள்ளபடியே ஓரமாக நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தேன். ஹீற்றர் வயர் முழு நீளத்துக்கும் எங்களோடு புறப்பட்டு வந்திருந்தது. 'பட்' என்றது தேசிக்காய் அல்ல, கராஜ் சுவரிலிருந்து பிளக் பிடுங்குப்பட்ட சத்தம்.

அவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். "உது எத்தினையாவது தேசிக்காய்?"

அந்த வாலோடு ரெஸ்ற் நிலையத்துக்குள் போயிருந்தால் சோதிப்பவர் காரில் ஏறாமலே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். வயரைச் சுருட்டினேன். குளிரில் விறைத்து அது மடங்க மறுத்தது. பாம்பாட்டி போல அதை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத் தூரம் போனேன். கால்மாட்டில் சூடு வரத் தொடங்கியிருந்தது. ஓடினால்தான் சூடாகும் என்று நான் சொன்னது சரிதானே என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

ரெஸ்ற் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் போட்டிருந்தார்கள். வயரைப் பின் சீற்றில் எறிந்துவிட்டு உள்ளே போய்க் கண்ணாடிச் சுவரோடு நின்றேன். சோதிப்பவர் வர நெடுநேரம் ஆனது. எங்கள் கார் ஆறிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து என் வடதுருவப் பேச்சும் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் வந்து ஏறினார். எடுக்கச் சொல்லியிருப்பார். அவள் சாவியை அரைவாசி திருப்பிவிட்டு அப்படியே இருந்தாள். மஞ்சள் விளக்குக்காகப் பொறுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஒற்றை விரலை உயர்த்தினாள்.

அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதற்கு எதிராக ஒரு நாளும் ஒன்றும் செய்ததில்லை. அவரும் செய்யவில்லை. பிறகு கார் ஒரு பெரிய வெள்ளைப் புகையை விட்டு, செருமி, பாடியது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கைதட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றார்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கிட்ட வந்துதான் சொன்னாள்.

"பாஸ்."

"அந்தாள் ஒண்டும் சொல்லேல்லையே?"

"பின் சீற்றில ஏன் இவ்வளவு வயர் எண்டு கேட்டவர். அது என்ர மனுசன்ர எண்டு சொன்னன். விளங்கின மாதிரித் தலையாட்டினார்."

நான் வழக்கம்போலச் சாரதிப் பக்கக் கதவைத் திறக்கப் போனேன். "மற்றப் பக்கம்," என்றாள்.

கார் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. வயர் கொழுவியிருக்கும் இரவுகளில் என் குரங்குத் தொப்பியை ஸ்டியரிங்கில் மாட்டிவிடுகிறாள். தொப்பியைக் கண்டால் வயரைக் கழற்று என்று அர்த்தம். விடிய முதல் நான் போய்த் தொப்பியைக் கண்டு, வயரைக் கழற்றி, விளக்கு அணையப் பொறுத்து, எஞ்சினை எழுப்பி, முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டி முடிக்கும்போது, அவள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுவாள். "இறங்குங்கோ." பிறகு அவள் றிச்மண்ட் ஹில்லுக்கு. நான் தொப்பியோடு நடந்து பேக்கரிக்கு.

"அக்காவும் இப்ப றிமோட் ஸ்டார்ட்டர் வச்சிருக்கிறா," என்கிறான் மச்சான். "கொஞ்சம் பழைய மொடல்."

சொல்லட்டும். அவனுடைய றிமோட் ஒரு நாளாவது முன்கண்ணாடியில் பனி சுரண்டியிருக்கிறதா?