வேலிக் குச்சியில் ஒரு வனம்

இந்த ஊரில் மரத்தைத் துடைக்க வேண்டியிருக்கிறது. காலையில் முகம் கழுவியதும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருக்கிற லைன் வீட்டை ஒட்டினாற்போலப் பனியன் கம்பெனி. மெஷின் ஓட ஓடப் பஞ்சுத் தூசி கிளம்பி, கொடியில் காயும் துணியிலும் தண்ணீர்க் குடத்திலும் என் சின்ன மரங்களின் இலையிலும் படிந்துவிடும். ஈரப் பனியன் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு இலை இலையாகத் துடைப்பேன். ரங்கூனில் இந்த வேலை கிடையாது. மழை வந்தால் மாதக்கணக்கில் நின்று கழுவும், துணிதான் காயாது. இங்கே அரை மணியில் புடவை அப்பளமாகிவிடுகிறது. என்னைப் போல அங்கிருந்து வந்து மில்லிலும் கம்பெனியிலும் பிழைப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களும் அறியட்டும் என்றுதான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

என் சின்ன மரங்கள் என்றேன். அவை ஒரே தட்டில் நிற்கின்றன. முழங்கை உயரந்தான் பெரிய மரம். மற்றவை அதற்கும் கீழே. ஆனால் தரையில் உட்கார்ந்து கண்ணைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் ஒரு வனமே நிற்பது தெரியும். ரங்கூனில் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு சீனத்து அக்கா இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேரும் பேசிய பர்மா பாஷையைக் கேட்டால் பர்மாக்காரர்கள் ஓடிவிடுவார்கள். அவள் மாடியில் தட்டுத் தட்டாக வனம் வைத்திருந்தாள். எனக்கும் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தாள். தடித்த மரத்தை முதலில் நட வேண்டும், அதுவும் நட்ட நடுவில் அல்ல, கொஞ்சம் ஒதுக்கி. ஓரத்து மரங்கள் வெளிப்பக்கம் சாய வேண்டும், வெளிச்சம் தேடுகிற மாதிரி. ஒரு பக்கம் வெறுமையாக விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் நின்று பார்த்தால் மூன்று மரம் ஒரே கோட்டில் வரக் கூடாது. வந்தால் என் புறங்கையில் ஒன்று போடுவாள். கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் நாங்கள் கப்பல் ஏறியபோது என் தட்டை அவள் மாடியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இங்கே வந்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால், எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேய்ச்சல் நிலத்தில் வேலியில் வளர்ந்த கிளைகளைக் கழித்தார்கள். இந்தப் பக்கம் முள்கம்பி வேலி கிடையாது. கிளுவை மரத்தைக் குச்சி குச்சியாக ஊன்றி அதையே வேலியாக வளர்க்கிறார்கள். கழித்த குச்சிகள் வழியில் குவியலாகக் கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமன்தான், ஆனால் பட்டை உரிந்து, கணு முறுக்கி, நூறு வயசு மரத்தின் முகம். சீனத்து அக்கா பார்த்தால் விட்டிருக்கவே மாட்டாள். நல்லதாகப் பொறுக்கி வந்து, வேர் விடட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் காலி மண்ணில் ஊன்றிவைத்தேன். தண்ணீர் ஊற்ற வசதியாக ஒரே வரிசையில் ஊன்றினேன். மழை இறங்கியது. எல்லாம் துளிர்த்தன.

வீட்டுக்காரம்மாள் பாவாத்தாள் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தார். என்னைவிடப் பத்து வயசு இளையவர், அந்த லைன் வீடுகளும் பின்னால் உள்ள நிலமும் அவர்களுடையவை. குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் நீங்கள் நட்டதுங்களா என்று கேட்டார். ஆமாம், நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், என் மகன் செல்வத்துக்குக் கம்பெனியில் வேலை எப்படி என்று விசாரித்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க. மாசக் கடைசிக்குள்ள ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துப்போடுங்க."

ரங்கூனில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவன் தெருவே கூடுகிற மாதிரி கத்துவான். இவ்வளவு மரியாதையாகச் சொன்னதால், ஏதோ வெள்ளையடிக்கத்தான் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டேன். சாயங்காலம் செல்வம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. இந்தச் சீமையில் கிளுவைக் குச்சியை வரிசையாக ஊன்றினால், இது என் இடம் என்று சொல்வதாக அர்த்தமாம். பாவாத்தாளின் வீட்டுக்கும் அவர் பங்காளிகளுக்கும் வேலி நகர்ந்த தகராறு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இப்போது பர்மாவிலிருந்து வந்த ஒருத்தி வந்ததும் வராததுமாய் வேலி ஊன்றுகிறாள் என்று அவர் வீட்டில் பேச்சு. பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்றால் வீடு கொடுக்கவே யோசித்த காலம். இதை விட்டால் வேறு இடம் கிடைக்காது. கம்பெனிப் பக்கத்திலேயே குடியிருந்ததால்தான் செல்வம் ராத்திரி ஷிப்டும் பார்க்க முடிந்தது. போய்க் காலில் விழு அம்மா என்றான். தப்பே செய்யாதவள் எதற்கு விழ வேண்டும்? விழ மாட்டேன் என்றேன். பக்கத்துச் சாயப்பட்டறையில் உடைந்த மண்தாழி கிடந்தால், தட்டாக வைத்துக்கொள்ள அதன் அடிப்பாகத்தை மட்டும் கொண்டுவந்து கொடு என்றேன். முறைத்தான், ஆனாலும் கொண்டுவந்தான்.

தாழியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து மேடு கட்டினேன். குச்சிகளை வேரோடு எடுத்து, பனியன் நூலால் விழாமல் ஒன்றோடொன்று கட்டி நட ஆரம்பித்தேன். வீட்டைக் காலி செய்கிறோமா என்று பார்க்கப் பாவாத்தாள் வந்தது அந்த நேரத்தில்தான். வரிசை இருந்த இடத்தில் வெறும் குழிகள். என் மடியருகே தாழி. நான் எழுந்திருக்கவில்லை. பெரிய மரத்தை ஒதுக்கி நட்டேன், ஓரத்துக்குச் சின்னதைச் சாய்த்தேன். அவர் நின்றார், பிறகு குந்தினார், பிறகு முந்தானையைச் சொருகிக்கொண்டு சப்பணமிட்டே உட்கார்ந்துவிட்டார். இத்தனூண்டு மரம் என்றால் ஆடு எங்கே போய் நிழலில் படுக்கும் என்று சிரித்தார். மூன்று மரம் ஒரு கோட்டில் வரக் கூடாது, அதுதான் இதற்குச் சட்டம் என்று மட்டும் சொன்னேன். நட்டு முடித்துக் கையைக் கழுவப் போனேன். அவர் தலையைச் சாய்த்துத் தன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, அந்தக் கோடியில நிக்கறத அக்கட்டால தள்ளி வையுங்க. இக்கட்டால இருந்து பாத்தா வேலியாட்டவே இருக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மூன்று மரம் ஒரே கோட்டில் நின்றன. சீனத்து அக்கா இருந்திருந்தால் எனக்கு ஒரு அடி விழுந்திருக்கும். மரத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டேன். காலி பண்ணுகிற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. தன் வீட்டு ஆண்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. மாசக் கடைசியில் நாங்கள் அங்கேயே இருந்தோம்.

சித்திரையில் இலையெல்லாம் கொட்டி வெறும் முள்ளாய் நின்றபோது செத்துவிட்டது என்றே நினைத்தேன். பாவாத்தாள்தான், கிளுவை அப்படித்தானுங்க, ஒரு மழை போதும் என்றார். தாழியை இப்படிக் கல்லின் மேல் வைத்தால் வெயிலில் வேர் வெந்துவிடும், வேலி நிழலில் மண்ணில் இறக்கி வையுங்கள் என்றும் சொன்னார். அப்படி வைத்தால் ஓட்டை வழியாக வேர் கீழே போய்விடுமே என்றேன். "போனாப் போகுதுங்க. நம்ம மண்ணுதானுங்களே" என்றுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அது ஆகிப் பல வருஷமாயிற்று. எனக்குத் தலை முழுதும் நரைத்துவிட்டது. போன வாரம் மரங்களுக்கு மறு பக்கமும் வெயில் படட்டும் என்று தாழியைத் திருப்பப் போனேன். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். ஒரு பக்கம் என் கையோடு எழும்பி வந்தது. மறு பக்கம் வரவில்லை. குனிந்து பார்த்தேன், விரல் தடிமனுக்கு ஒரு வேர் தாழியிலிருந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அரிவாள்மணை வீட்டுக்குள் இருந்தது. வேரை அறுக்க நான் அதை எடுக்கப் போகவில்லை. பாதி தூக்கிய தாழியை மெதுவாக அதே இடத்தில் இறக்கி வைத்தேன்.