எல்ஃப் பொம்மைக்குக் கிடைத்த வாசல் வேலை

யூடியூபில் பார்த்துவிட்டு மகள் அடம்பிடித்ததால், மலைமேல் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் இந்த டிசம்பரில் ஒரு எல்ஃப் பொம்மை வந்தது; கிறிஸ்துமஸ் தாத்தாவின் குட்டி உதவியாளாம். சிவப்புக் குல்லா, உருட்டி முழிக்கும் கண்கள்.

கிறிஸ்துமஸ் வரை தினமும் அவள் எழுவதற்குள் நான் அதை இடம் மாற்றி வைக்க வேண்டும். அதுவே நடந்து போனதாக அவள் நம்புவாள். மனிதர் கை பட்டால் மந்திரம் போய்விடுமாம்.

நேற்று சாமை மூட்டை மேல் உட்கார வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தால், வாசல் நிலைக்கு மேலே எலுமிச்சம்பழம், மிளகாயோடு சேர்ந்து தொங்குகிறது!

"இன்னாங்க இது?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"திருஷ்டி பொம்மதான? வாங்கினு வந்து மூட்ட மேல போட்டு வெச்சிருந்த. அதான் கட்டிட்டேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த முழியைப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

பின்னால் நின்ற மகளின் உதடு பிதுங்கியது. "அப்பா தொட்டுட்டாரா? மந்திரம் போய்டுச்சா?"

மனுஷர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நான் எங்கம்மா தொட்டேன்? அதுவே மேல ஏறிக்கினு, 'வுழுந்துடுவேன், கட்டி வுடு'ன்னு கூப்ட்டுச்சு. கயித்த மட்டும்தான் தொட்டேன்."

அவளுக்கு வரவிருந்த அழுகை நின்றுவிட்டது. "அது பேசுமா?"

அவர் நிம்மதியாகச் செங்கம் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். மகள் காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்து அண்ணாந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி அதற்குக் குரலும் நான்தான் கொடுக்க வேண்டும். எல்ஃப் எப்படிப் பேசும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'கட்டி வுடு' என்று பேசும் என்பது மட்டும் இப்போதைக்கு உறுதியாகியிருக்கிறது.