பொட்டு வைத்த கோப்பை

மருமகள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். புளியும் பித்தளையும் கலந்த அந்த வாடை எனக்கு ஆகாது.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. நகரியத்துக் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர். வருஷா வருஷம் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பித்தளைக் கோப்பையை, விழாவுக்கு முந்தின நாள் கிளப் செயலாளர் அப்பாவிடம்தான் கொடுத்தனுப்புவார், தேய்த்துக்கொண்டு வரச் சொல்லி. பெர்மனென்ட் ஆட்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

அந்த வருஷம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "இந்தத் தடவ எனக்குத்தான்னு கிரவுண்டே பேசிகினு இருக்குது."

"அப்ப நம்ம வூட்டுக்கே திரும்பி வந்துடும்னு சொல்லுங்க," என்றாள் அம்மா. முகம் தெரியும்வரை தேய்த்தாள். கடைசியில் குங்குமப் பொட்டும் வைத்தாள்.

மறுநாள் மேடையில் ஓர் இன்ஜினியரின் பெயரைக் கூப்பிட்டார்கள். பாதி ஆட்டங்களுக்கு வராதவர். கோப்பையை வாங்கியதும் கைக்குட்டையை எடுத்துப் பொட்டைத் துடைத்தார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் கைதட்டினார்கள்.

செயலாளர் இறங்கி வந்து, "காண்ட்ராக்ட் ஆளுக்குக் குடுத்தா மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்கப்பா," என்றார்.

"சரிங்க சார்," என்றார் அப்பா. அந்தச் 'சரிங்க'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த வருஷமும் கோப்பை வந்தது. அம்மா தேய்த்துத்தான் கொடுத்தாள். பொட்டு வைக்கவில்லை.

"அத்தே, பொட்டு வச்சிடுங்க," என்று மருமகள் விளக்கை நீட்டுகிறாள்.

"நீயே வை," என்கிறேன்.