கோயிலடி, பிராண்டே

டென்மார்க்கின் யூலாந்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கத் தமிழும் டேனிஷும் போதாது. எந்த ஊர் இப்போது எந்தப் பிரிவுக்குள் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அம்ட் என்ற மாவட்டங்களைக் கலைத்தார்கள், கொமூன் என்ற நகரசபைகளை ஒன்றோடொன்று ஒட்டினார்கள், மேலே றெகியோன் என்று பெரிய பிரிவுகளை வைத்தார்கள். அந்தக் கூத்தில் காரோடு அலைந்த சகபாடிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

இல்லாத அம்ட்

எஸ்பியர்க்கில் மேரி அக்காவுக்கு அதிகாரிகளோடு ஒரு சந்திப்பு, மொழிபெயர்க்க நான் போகவேண்டும். நானோ பழக்கதோஷத்தில் றீப நகருக்குப் போய், பழைய அம்ட் கட்டடத்தின் முன்னால் காரை நிறுத்திவிட்டேன். கலைத்து இரண்டு வருடமாகியும் என் கார் அதை மறக்கவில்லை. போனில் மன்னிப்புக் கேட்டேன். மட்டக்களப்புக்காரி சிரித்தார்: "நான் மட்டக்களப்புல இருந்து டென்மார்க்குக்கே பிழையில்லாம வந்து சேர்ந்திட்டன், நீங்க றீபயில என்ன செய்றீங்க பிள்ள?"

யார் தொலைந்தது?

வன்னியில் போர் முடிந்து சில வாரங்கள். பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் செல்வராசா அண்ணைக்குத் தன் தம்பி உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாது. காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் படிவம் நிரப்பப் போனோம். தம்பியின் மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, கிராம சேவகர் பிரிவு எல்லாவற்றையும் அண்ணை கடகடவென்று ஒப்புவித்தார். "நீங்கள் இருக்கும் கொமூன்?" என்று அதிகாரிப் பெண் கேட்டதும் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடமாக இருக்கும் ஊர்! அதை நானே சொல்லி நிரப்பினேன்; விலாசத்தை மட்டும் அவரே எழுதினார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். அண்ணை அமைதியாகச் சொன்னார்: "துலைஞ்சது அவன்தானே தங்கச்சி, நானில்லையே."

வீதியும் இல்லை, இலக்கமும் இல்லை

இரண்டு மாதம் கழித்துப் படிவத்தின் பிரதியைப் பார்த்தபோதுதான் கண்டேன். விலாசத்தை அண்ணை தன் கையால் டேனிஷ் எழுத்தில் எழுதியிருந்தார்: "கோயிலடி, பிராண்டே." ஊரில் அப்படித்தானே எழுதுவோம்! அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். பதிலை அந்த விலாசத்துக்கே அனுப்பியாயிற்று என்றார்கள். ஒரு மனிதனின் உயிர்ச்செய்தி எந்தக் கிடங்கில் கிடக்கிறதோ என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பிராண்டேக் கோயிலுக்கு ஓடினேன். கோயில் என்ற சொல்லைப் பழகியிருந்த தபால்காரர் அதைக் கோயில் தபாலோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். பூசை முடிந்ததும் ஐயர் திருநீறும் கடிதமுமாக அண்ணையிடம் நீட்டினார். அவர் திருநீற்றை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தை என்னிடம் தந்தார்; நான்தான் பிரித்துப் படித்தேன். தம்பி வவுனியா முகாமில் உயிரோடிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணை சொன்னார்: "இனி என்னை எந்தக் கொமூனில வேணுமெண்டாலும் போடச் சொல்லுங்கோ தங்கச்சி!"

கொமூன், றெகியோன் எல்லாம் பாடமாக்கி, வீதியும் இலக்கமும் பிசகாமல் எழுதுகிற எனக்குத் தபாலில் வருவது விளம்பரத் தாள் மட்டும்தான்.